எலுமிச்சைக்கு ஒரு தட்டு மணல்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரே கூட்டம். "எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு தெரியுது, என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். பார்த்தால், மாட்டியிருப்பது அவர் மனைவியின் கண்ணாடி. சொன்னால் அக்கா சிரிப்பாள் என்று வழியெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தேன். "அப்படியா" என்றாள்.

அத்தானோடு இனி முடியாது என்று ஒற்றைப் பெட்டியோடு வந்ததிலிருந்து இப்படித்தான். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்டா." உள்ளறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் கடல்நீர் மீன்தொட்டியும் அங்கேதான் இருக்கிறது, ராத்திரி முழுக்க மோட்டார் ஓடும். தூக்கம் வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. கண் சொல்கிறது. சின்ன வயதில் அவள் குறட்டைக்குப் பயந்து நான் சமையலறையில் போய்ப் படுத்ததுண்டு. இப்போது அந்த அறையில் அவள் இருக்கும் சுவடே இல்லை.

தொட்டியை ஹாலுக்கு மாற்ற வேண்டியதுதான்.

மார்ச் 5, வியாழன்

வளர்ப்பு மீன் கடைக்காரரைக் கேட்டேன். "பாறை, பவளம், தண்ணி எல்லாத்தையும் அப்படியே இடம் மாத்துங்க. பழைய மணலை மட்டும் தூக்கிப் போட்டுடுங்க. வருஷக்கணக்கா அடியில தங்கின அழுக்கு. கிளறிட்டு அப்படியே வெச்சா மீனெல்லாம் காலி."

சரி, அதற்குப் பிறகு? புது மணலா, மணலே இல்லாத வெறும் கண்ணாடித் தரையா?

"வெறுந்தரைன்னா அழுக்கு கண்ணுக்குத் தெரியும், குழாய் வெச்சு உறிஞ்சிடலாம். அலை மோட்டாரையும் வேகமா விடலாம், பவளம் நல்லா வரும். மணல் பாக்க அழகு, ஆனா வேலை. மணல்ல படுக்குற மீன் இருந்தா மட்டும் யோசிங்க."

இருக்கிறது. எலுமிச்சை. விரல் நீள மஞ்சள் மீன். விளக்கு மங்கியதும் தலைகீழாக மணலுக்குள் பாய்ந்துவிடும், காலையில்தான் எழுந்து வரும்.

மார்ச் 6, வெள்ளி

மணலா வெறுந்தரையா என்று கேட்டதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்! ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அல்லவா, சுத்தம் என்றதும் கண் விரிந்துவிட்டது. "இதுல யோசிக்க என்னடா இருக்கு? வெறுந்தரைதான். தியேட்டர்ல யாராவது மணலைக் கொட்டி வைப்பாங்களா?"

வந்த நாளிலிருந்து அவள் சொன்ன முதல் அபிப்பிராயம். எலுமிச்சை பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். ஒரு மீனுக்காக அவள் வாயை மறுபடி அடைப்பதா? மீன் பழகிக்கொள்ளும்.

பழகிக்கொள்ளுமா?

மார்ச் 8, ஞாயிறு

முதுகு போயே போய்விட்டது. பழைய மணலை அள்ளியபோது வீடு முழுக்க அழுகின முட்டை நாற்றம். அக்கா மாஸ்க் கட்டிக்கொண்டு நின்று அதிகாரம் செய்தாள். "டேய், அந்தக் குழாயைத் தூக்கிப் பிடி! தரையில வைக்காத!" திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தொட்டி ஹாலுக்கு வந்துவிட்டது. அடிக் கண்ணாடி பளபளவென்று இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

விளக்கு மங்கியதும் எலுமிச்சை தலைகீழாகப் பாய்ந்து தரையில் முட்டியது. டொக். மேலே போய் மறுபடி டொக். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா பார்த்துவிட்டாள். மீனின் மூக்கு சிவந்திருந்தது.

"இது மணல்ல தூங்குற மீனா? உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கல?"

உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு — என்று இழுத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "அந்த வீட்லயும் இதேதான்டா. என் மூஞ்சிக்கு நேரா எல்லாரும் தலையாட்டுவாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியவரும். நீயும் என்னை அப்படி வெச்சிருந்தா நான் நர்ஸ் ஹாஸ்டல்லயே போய் இருந்துக்கிறேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். ஐயோ, நல்லது பண்றேன்னு நெனச்சு இப்படிப் பண்ணி வெச்சிருக்கேனே. போயிடுவாளா? நிஜமாவே போயிடுவாளா?

மார்ச் 11, புதன்

வேலை முடிந்து வந்தால் சமையல் மேடையில் என் கேக் செய்கிற கண்ணாடிப் பாத்திரம், அதில் மூன்று விரல் உயரத்துக்குப் புது மணல். கடைக்காரரிடம் அவளே போய் வாங்கி, தண்ணீர் தெளியும் வரைக்கும் கழுவியிருக்கிறாள். தரை வெறுந்தரையாகவே இருக்கட்டுமாம், படுக்கை மட்டும் போடலாமாம். பாத்திரத்தை இறக்கிப் பாறைக்கு முன்னால் வைத்தோம்.

எலுமிச்சை ஒரே பாய்ச்சலில் உள்ளே போனது.

மார்ச் 12, வியாழன்

காலையில் வரவில்லை. மாலையிலும் வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

இன்றும் இல்லை. சோபாவுக்கு அடியில், திரைக்குப் பின்னால், மோட்டார் வாயில் — எங்கேயும் விழுந்தோ சிக்கியோ கிடக்கவில்லை. அப்படியென்றால் மணலுக்குள்தான். உயிரோடா?

அக்கா கரண்டியோடு வந்தாள். "கிளறிப் பாத்துடலாம். செத்திருந்தா அழுகிடும்டா."

"முடியாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பயந்த மீன் இப்படித்தான் நாள் கணக்காப் படுத்திருக்கும். நீ கிளறினா பயத்துலயே போயிடும். கரண்டியை வெச்சுட்டுப் போ."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கரண்டியை வைத்தாள். "இதைத்தானே அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பேருக்கும் டீ போட்டாள்.

மார்ச் 14, சனி

இல்லை. ஹாஸ்டல் பேச்சும் இல்லை. எதற்கும் நான் கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "டேய்! டேய்! வாடா!" வாயில் நுரையோடு ஓடினேன். மணலிலிருந்து மஞ்சள் மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வலக்கண்ணால் எங்களைப் பார்த்தது, இடக்கண்ணால் பார்த்தது, உதறிக்கொண்டு எழுந்து வந்து சாப்பாடு கேட்டது. அக்கா என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். அழுதுகொண்டிருந்தாள், நானும்தான்.

அப்பாடா.

மார்ச் 22, ஞாயிறு

காலையிலிருந்து சண்டை. பாத்திரம் முன்னால் இருப்பது அசிங்கமாம், பாறைக்குப் பின்னால் தள்ள வேண்டுமாம். பின்னால் அழுக்குச் சேரும், முடியாது என்றேன். "நாலு கண்ணாடி வித்துட்டா பெரிய விஞ்ஞானியா நீ?" என்றாள். உனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் கண்ணை மூடிக்கொள் என்றேன். கீழ்வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாத்திரம் முன்னால்தான் இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு, என்னோடு பேச்சே கிடையாது என்று அறிவித்துவிட்டுப் படுக்கப் போனாள். கதவைச் சாத்தவில்லை. ஹாலில் அலை மோட்டார் முழு வேகத்தில் ஓடுகிறது. இருந்தும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உள்ளறையிலிருந்து வருகிற குறட்டை அப்படி.