இரண்டாவது கியர்

ஜூலை 14, திங்கள்

பிசியோதெரபிக்குக் கிளம்பத் தாமதம். காரணம் நானில்லை, வேனும் இல்லை. சிரில் ஒற்றைக் கையால் ஷூ லேஸ் கட்டியே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டார். கேரல் பொறுமை இழந்து செருப்பை எடுத்து வந்து நீட்டினாள். “செருப்பு மாட்டிட்டு யாராவது வண்டி ஓட்டுவாங்களா?” என்று மகளைக் கேட்கிறார் மனிதர்.

வண்டி ஓட்டுவது நான். ஆனால் அவர் கேட்டதிலும் தப்பில்லை. எங்கள் வேனை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஸ்டியரிங், க்ளட்ச், பிரேக் எல்லாம் என் இலாகா. கியர் அவருடையது.

ஸ்ட்ரோக் வந்து இவருக்கு இடது கையும் காலும் விழுந்த வருஷம், நாற்பத்திரண்டு வயதில் நான் டிரைவிங் கற்றுக்கொண்டேன். டிரைவிங் ஸ்கூல் காரில் கியர் சொன்ன பேச்சுக் கேட்டது. எங்கள் வேனிலோ இரண்டாவது கியர் என் கைக்கு விழவே விழாது. ஒரு நாள் மேம்பாலத்து ஏற்றத்தில் மாட்டிக்கொண்டேன். பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. பக்கத்து சீட்டிலிருந்தவர் நல்ல கையை நீட்டி, குச்சியைத் தன் பக்கம் லேசாக இழுத்து, பின்னால் ஒரு தட்டு தட்டினார். விழுந்தது. அன்றிலிருந்து நான் க்ளட்சை மிதித்து “ம்” என்பேன், அவர் போடுவார். ஐந்து வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது குடும்பம்.

ஜூலை 17, வியாழன்

கேஸ் சிலிண்டர், பத்து கிலோ வெங்காயம், கேரலின் ஹாஸ்டல் தோழி, அவளுடைய பீரோ. எல்லாம் வேனில் ஒரே நடையில். என் தங்கமே.

ஜூலை 26, சனி

விடாத மழை. கேரலுக்குக் காலையில் பரீட்சை. போனில் கூப்பிட்ட டாக்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வர முடியாது என்றன. கேரல் அழுகிற முகத்தோடு நின்றாள். “வேன் இருக்கும்போது எதுக்குடி டாக்சி?” என்று இவர் லேஸ் கட்ட உட்கார்ந்தார்.

பக்கவாட்டுக் கதவைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலால் ஒரு இடி கொடுத்தால்தான் திறக்கும். வைப்பர் என் பக்கம் மட்டும் ஓடும். கிலோமீட்டர் மீட்டர் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தில் நின்றுபோனது, அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் ஆண்டவர் கணக்கு. ஆனால் பாலத்தடியில் தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் புதுப் புதுக் கார்கள் எல்லாம் தயங்கி நிற்க, நாங்கள் “ம்”, “ம்” என்று தாண்டிப் போய்விட்டோம். கேரலை நேரத்துக்குள் இறக்கிவிட்டோம்.

மழை ஈரத்தில் வேனுக்குள் இன்னும் கிராம்பு வாசனை வருகிறது. இவர் கல்யாண சமையல் ஆர்டர் எடுத்த காலத்தில் பிரியாணி தேக்சாக்கள் போய்வந்த வண்டியாயிற்றே. திரும்பும் வழியில் இவர் மூச்சை இழுத்து மோந்துபார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். எனக்கு அந்த நேரத்தில் ஆண்டவரிடம் கேட்க ஒன்றுமே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கேரல் ஆரம்பித்தாள். வேனுக்குப் பதினைந்து வருஷம் ஆகப்போகிறது, செப்டம்பரோடு பதிவு முடிகிறது. இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்துச் சரி என்றால் இன்னும் ஐந்து வருஷம். இல்லையென்றால் பழைய இரும்பு.

“இரும்புக்கே போட்ருங்க மம்மி. ஆட்டோல போய்க்கலாம். ஏன் சும்மா இதைக் கட்டிட்டு அழறீங்க?”

அவளுக்குச் சொல்வது சுலபம். ஆட்டோவில் ஏற இவர் படுகிற பாடு அவள் கண்ணில் படுவதில்லை. வேன் சீட் இவருடைய இடுப்பு உயரத்தில் சரியாக இருக்கிறது. உட்கார்ந்து, திரும்பி, காலைத் தூக்கி உள்ளே வைத்தால் முடிந்தது. அதைவிட, கியருக்கு ஆள் வேண்டுமே என்றுதான் இவர் என்னோடு மார்க்கெட்டுக்கு வருகிறார், பாங்குக்கு வருகிறார், மாவு மில்லுக்குக் கூட வருகிறார். வேன் போய்விட்டால் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஸ்ட்ரோக் வந்த முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தார். ஆண்டவரே, அந்த முகத்தை எனக்கு மறுபடி காட்டாதீர்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

விளக்கு, பிரேக், புகை எல்லாம் பாஸ். “வண்டிய நல்லா வெச்சிருக்கீங்க” என்று இன்ஸ்பெக்டர் பாராட்டவும் செய்தார். பிறகு, ஓட்டிக் காட்டுங்கள் என்றார். சிரிலை இறக்கி மரத்தடியில் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்துவிட்டு, அவர் சீட்டில் இன்ஸ்பெக்டர் ஏறிக்கொண்டார்.

முதல் கியர் எப்படியோ நானே போட்டுவிட்டேன். வண்டி நகர்ந்தது. க்ளட்சை மிதித்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். “ம்” என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. நான் சாலையைப் பார்த்தபடியே கொஞ்சம் அதட்டலாக, “ம்ம்!” என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன் மேடம், கியர் நான் ஹாக்பேகா?” என்றார். கியரை அவரா போட வேண்டும் என்று கன்னடத்தில் நிதானமாகக் கேட்கிறார்! அவசரத்தில் நானே போடப் பார்த்தேன். கர்ரென்று கத்திய கத்தலில் மைதானத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். இரண்டாவது கியர் விழவில்லை.

நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. கியரைச் சரிசெய்து இரண்டு வாரத்தில் கொண்டுவாருங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

மரத்தடியில் இவரிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “அவரையே ‘ம்’முன்னு அதட்டிட்டியா?” பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தி, “சரி பண்ணியே ஆகணுமாமா?” என்றார். அதென்ன கேள்வி?

ஆகஸ்ட் 13, புதன்

கியர்பாக்ஸையே இறக்க வேண்டிய பெரிய வேலை, கிழ வண்டி தாங்காது என்று இவர் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இறக்கினால் திரும்ப ஏறுமா? பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

கோவிந்தப்பாவின் ஒர்க்‌ஷாப்புக்கு நான் மட்டும் போனேன். இவர் தலைவலி என்று படுத்துவிட்டார். ஐந்து வருஷத்தில் வேன் கிளம்பும்போது இவருக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

கியர்பாக்ஸ் இறக்க எத்தனை நாளாகும் என்று கோவிந்தப்பாவைக் கேட்டேன். அவர் வேனடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“கியர்பாக்ஸா? எதுக்கு அக்கா? கீழ ஒரு ரப்பர் புஷ் தேஞ்சிருக்கு. சின்ன வேலை. மாத்தினா பெண்ணெ தரா இருக்கும், வெண்ணெ மாதிரி.”

“இத்தனை வருஷமா இதை ஏன் சொல்லல?”

அவர் கையைத் துணியில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “அண்ணாதான் பேடா, வேணாம்னுட்டாரு அக்கா. ‘அது சரியாயிட்டா என்னை எதுக்குடா வண்டியில கூப்பிடுவா’ன்னாரு. நான் என்ன பண்ணட்டும்?”

வேனை விட்டுவிட்டு நடந்தே வந்தேன். அஞ்சு வருஷம்! ஒவ்வொரு சர்வீசுக்கும் கேட்டேனே, ஒவ்வொரு தடவையும் பொய். ராத்திரி மாத்திரை வாங்கணும்னாக்கூட இவரை எழுப்பிக் கூட்டிட்டுப் போனேனே. ஒரு சின்ன ரப்பர் துண்டுக்காகவா நான் இத்தனை நாள் ‘ம்’, ‘ம்’னு...

வீட்டுக்குள் போய் நன்றாகக் கத்தவேண்டும் என்றுதான் வந்தேன். இவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரை மட்டும் கொஞ்சம் ஓங்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வேன் இல்லாததால் கோயிலுக்கு ஆட்டோவில் போனோம். ஏற்றிவிட நானும் கேரலும் ஆட்டோக்காரரும் வேண்டியிருந்தது. கேரல் இன்று எல்லாவற்றையும் பார்த்தாள். அதற்கப்புறம் இரும்பு பற்றிப் பேசவில்லை.

ஆட்டோவில் தற்செயலாக இவர் கையைப் பார்த்தேன். முழங்கால் மேல் இருந்த வலது கை, ஆட்டோக்காரர் கியர் மாற்றும்போதெல்லாம் தானும் லேசாக ஒரு தட்டு தட்டிக்கொண்டிருந்தது. இவருக்கே தெரிந்திருக்காது.

“ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா சரி பண்ணிருப்பே.”

பண்ணியிருப்பேன்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

வேன் வந்துவிட்டது. கோவிந்தப்பா சொன்னபடி வெண்ணெய்தான். ஒரு விரலால் தள்ளினால் விழுகிறது. ஆசை தாங்காமல் அப்படியே மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தனியாக! முதல், இரண்டு, மூன்று, திரும்ப இரண்டு. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே ஓட்டினேன். கீரை, மீன், கேரலுக்குக் கொய்யா.

வீட்டுக்கு வந்தால், இவர் வாசலில் நிற்கிறார். சட்டை பட்டனெல்லாம் போட்டு, தலை சீவி, ஷூ மாட்டி. இரண்டு லேஸும் கட்டியிருக்கிறது.

“சத்தம் கேட்டது. மார்க்கெட் போறியோன்னு கெளம்பினேன்” என்றார். “போயிட்டு வந்துட்டியா? நல்லா ஓடுதா?”

ஓடுகிறது என்றேன். மீனை எடுத்துக்கொண்டு நேராக சமையலறைக்குள் போய்விட்டேன். அதைக் கழுவும்போது அழுகை வந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பிசியோதெரபிக்கு இருவரும் போனோம். இவர் கையை மடியில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ரயில்வே கேட் தாண்டி நான் க்ளட்சை மிதித்து “ம்” என்றேன்.

“உனக்குத்தான் வருதே, போடு.”

“நீங்க போடுங்க.”

“எனக்கு வேலை குடுக்கணும்னு நாடகம் ஆடாதே பிரிஜி.”

நானே போட்டேன். வீடு வரும்வரை நானேதான் போட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பாஸ்! இன்னும் ஐந்து வருஷம். ஆண்டவருக்கும், ஆரோக்கிய மாதாவுக்கும், கோவிந்தப்பாவுக்கும் ஸ்தோத்திரம்.

அதே இன்ஸ்பெக்டர். வந்து உட்கார்ந்ததும் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, “இவத்து நான் பேட்வா?” என்றார். இன்றைக்கு நான் தேவையில்லையா என்று கிண்டல். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் சுருக்கென்றது. அந்தக் கேள்வியை வேறொருவர் பத்து நாளாக வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கேரல் வேனுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கட்டினாள். இரும்புக்குப் போடச் சொன்ன வாய்!

செப்டம்பர் 1, திங்கள்

தலைவலி என்கிறார். மாவு மில்லுக்கு வரவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா திருவிழா. இவர் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். மாதாவுக்கு முன்னால் தலைவலி செல்லாது போலிருக்கிறது. மாதா திருவிழாவுக்கென்று எல்லாரும் போடுகிற காவிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார்.

மாதா கோயில் இருக்கும் சிவாஜிநகர் நெருங்க நெருங்க, சாலை முழுக்கக் காவிப் புடவைகளும் காவிச் சட்டைகளும். கூட்டம் ரோட்டிலேயே நடக்கிறது. குழந்தைகள் பலூனைத் துரத்திக்கொண்டு குறுக்கே வருகின்றன. முதல் கியர், இரண்டு, பிரேக், மறுபடி முதல். நான் குச்சியைப் பார்த்துக் குனிந்த நொடியில் ஒரு சின்னப் பெண் பம்பருக்கு முன்னால் ஓடினாள். பிரேக்கில் ஏறி நின்றேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை, அம்மா வந்து தூக்கிக்கொண்டாள்.

“பிரிஜி!” சிரில் போட்டார் ஒரு அதட்டல். தேக்சா இறக்கும்போது ஆட்களை அதட்டுவாரே, அந்தக் குரல். நான் கேட்டு ஐந்து வருஷம் ஆகிறது. “ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வை. கண்ணு ரோட்டுல இருக்கட்டும். அதை நான் பாத்துக்கிறேன்.”

வைத்தேன். நாடகம் இல்லை, சத்தியமாக இல்லை. அஞ்சு வருஷமாக ரோட்டை மட்டுமே பார்த்துப் பழகிய கண் இது.

வண்டி நகர்ந்தது. க்ளட்சை மிதித்தேன். “ம்” சொல்ல வாயெடுப்பதற்குள் கியர் விழுந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. பார்க்கிங் போய்ச் சேரும்வரை நான் ஒரு “ம்” கூடச் சொல்லவில்லை.

பின்சீட்டில் கேரல், “டாடி, வெண்ணெய் மாதிரி இருக்கா?” என்றாள்.

“முன்ன மாதிரி வராது. முன்ன இதுக்கு ஒரு கை வேணும்” என்றார் பெருமையாக.

செப்டம்பர் 10, புதன்

காலையில் பால் இல்லை. சாவியை எடுத்தேன். இவர் லேஸ் கட்டி முடிக்கும்வரை வாசலில் நின்றேன். இரண்டு பேருமாக வேனில் போய் வாங்கி வந்தோம்.

பால் கடை எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி.