புறவாசலில் கட்டிய சைக்கிள் மணி

மைனி,

இன்று காலையில் புறவாசல் மணி அடித்தது. நான் அடுப்பில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு நின்றேன். பூண்டும் ஓமமும் பொரிகிற நேரம். மணிச் சத்தம் காதில் விழுந்ததும், "பைய, மைனி, ஆளு இருக்கு" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. பக்கத்தில் பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன், பாதிக் கும்பாவை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டான். நீ போய் இது மூன்றாவது ஆடி. அந்த மணி அடித்தால் உன் புருசனுக்கும் எனக்கும் இன்னமும் சோறு இறங்காது. அவனுக்கு ஒரு காரணம். எனக்கு வேறு காரணம். என் காரணம் அவனுக்குத் தெரியாது.

எண்ணெய் கருகிவிட்டது. வேறு காய்ச்ச வேண்டும், காய்ச்சவில்லை. காலையில் வந்த பெண்ணைப் பார்த்து அனுப்பிவிட்டேன். அதிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து. நீ அதுவும் படிக்காதவள், குற்றம் சொல்லமாட்டாய்.

வெள்ளம் வந்து இரண்டு வருசம் கழித்துத்தானே அந்தப் பயம் வந்தது. வடக்கே எங்கோ கொள்ளைநோய், எலி செத்தால் மனுசனும் சாவான் என்று ரேடியோவில் சொன்னார்கள். பம்பாயிலிருந்து ரயில் ஏறி வந்தவர்களைச் சொந்த வீட்டுக்காரர்களே வாசலில் நிறுத்திவைத்துப் பேசினார்கள். பஸ்ஸில் ஒருவன் தும்மினால் மூன்று சீட்டு காலியாகும். அப்போது நான் வீடு வீடாகப் போய் எண்ணெய் தேய்த்துவிடுகிறவள். சுளுக்கு, பிடிப்பு, பிள்ளை பெற்ற உடம்பு எல்லாம் பார்ப்பேன். பாளையங்கோட்டையில் நாலு வீடு. மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிற பெண்கள் பத்துப் பேருக்கு மேல், குனிந்து குனிந்து கழுத்து இறுகிப்போனவர்கள். எல்லோரும் ஒரே வாரத்தில், "கொஞ்ச நாளைக்கு வராத, உன் கை எத்தன ஒடம்பத் தொடுது" என்று சொல்லிவிட்டார்கள்.

புருசனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். கையில் இருந்த ஒரே தைரியம் அந்தத் தொழில்தான். எட்டு நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். நீ மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற சுளவு முறத்திலிருந்து நிமிராமல் சொன்னாய்:

"ஏட்டி, சும்மா இருக்க முடியலன்னா அந்தத் தூணத் தேய்ச்சு விடு. அதுவும் ரொம்ப நாளா ஒரே இடத்துல நிக்கி, சுளுக்கு இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. நம் இரண்டு பேருக்கும் அப்போது ஒத்துப்போகாது. ஒரு உப்பு ஜாடிக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தவர்கள். புறவாசல் உன் ராஜ்யம். உன் இரண்டு ஆடு, உன் முருங்கை, நீ இலை வெட்டுகிற இடம். என் சேலையைக் கூட அங்கே உலர்த்த விடமாட்டாய். ஒன்பதாம் நாள் காலையில் நீயே ஆடுகளை அவிழ்த்து முன்வாசல் தூணில் கட்டினாய்.

"வீட்டுக்குள்ளதான் பயம். வெட்டவெளியில என்ன பயம்? இங்கன வரச் சொல்லு. வாய்க்கா வழியா வந்துட்டு வாய்க்கா வழியாப் போயிரட்டும்" என்றாய்.

வெள்ளத்தில் மிதந்து வந்ததை அண்ணன் பிடித்து வைத்திருந்தானே, ஒரு ஒற்றைக் கதவு, அதைச் செங்கல் அடுக்கி அதன்மேல் கிடத்தினோம். அதன்மேல் பாய். சுற்றிலும் உரச்சாக்கைத் தைத்து மறைப்புத் தட்டி. கதவை முதலில் நான் தெற்கு வடக்காகப் போட்டேன். நீ ஒரு பீடி இலைத் துணுக்கைக் கிள்ளிப் பறக்கவிட்டுப் பார்த்தாய். காற்று படுத்திருக்கிறவள் முகத்திலிருந்து எனக்கு வரக்கூடாது என்று குறுக்காகத் திருப்பிப் போடச் சொன்னாய். அவரவர் எண்ணெய், அவரவர் துண்டு. ஒரு ஆள் போன பிறகுதான் அடுத்த ஆள். நான் ஒவ்வொரு ஆளுக்கும் வேப்பிலை போட்ட வெந்நீரில் முழங்கை வரை கழுவ வேண்டும். இதெல்லாம் நீ வைத்த சட்டம். வருகிறவர்கள் தட்டியைத் தொட வேண்டாம் என்று அண்ணனின் பழைய சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி முருங்கைக் கிளையில் கட்டியதும் நீதான். தட்டிக்கு வெளியே சுளவோடு காவலுக்கு உட்கார்ந்துகொண்டாய். காற்று என்னை விட்டு விலகி நேராக உன்மேல்தான் அடித்தது. அதை நாம் யாரும் யோசிக்கவில்லை.

ஆட்கள் வந்தார்கள். முதலில் மேலப்பாளையத்துப் பெண்கள். பிறகு பாளையங்கோட்டை டீச்சரம்மாள். மூக்கை மறைத்துக் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்து, கதவின்மேல் குப்புறப் படுத்தபோதும் அதை அவிழ்க்கவில்லை. நான் தோளில் கை வைத்திருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் நீ இருமினாய். புகையிலைத் தூள் இருமல், எத்தனையோ வருசமாக நம் வீட்டில் கேட்கிற சத்தம். டீச்சரம்மாள் முதுகு என் கைக்குக் கீழே கல்லாகிப் போனது.

"யாரு இருமுதா அங்கன?"

எனக்குச் சட்டென்று வேறொன்றும் வரவில்லை. "ஆடு, டீச்சர். தழை தொண்டையில சிக்கிட்டு."

"ஆடு இப்படியா இருமும்?"

"இது வயசான ஆடு, டீச்சர்."

அவர்கள் போன பிறகு நீ சுளவைத் தூக்கி என்மேல் எறிய வந்தாய். "அண்ணம் பொண்டாட்டிய ஆடாக்கிட்டியே, நீ வெளங்குவியா? அதுலயும் வயசான ஆடாம்!" அன்றைக்குச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் ஒன்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சரியாக எழுத வேண்டும், கூட்டிக் குறைக்கக் கூடாது.

"மைனி, ஆளு இருக்கும்போது நீ இருமாத. ஒருத்தி காதுல விழுந்தாப் போதும், ஊரு பூராச் சொல்லிருவா. பொறவு யாரும் வரமாட்டாவ."

நீ ஒரு பீடியைச் சுற்றி முடித்து நூல் கட்டி வைத்தாய். "சரிட்டி" என்றாய்.

மறுநாள் உனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தபோது முந்தானையை வாயில் திணித்தாய். அப்படியும் அடங்கவில்லை. எட்டி மணியை அடித்தாய். கிணிங் கிணிங் என்று அது அடிக்க, அதற்குள்ளே இருமி முடித்தாய். படுத்திருந்தவள், "அடுத்த ஆளு வந்துட்டு போல, சீக்கிரம் முடிங்க" என்றாள். "வந்திருக்காவ, இருக்கச் சொல்லிருக்கேன்" என்று நீ வெளியிலிருந்து குரல் கொடுத்தாய். அந்த மாதம் நமக்கு ஓயாமல் ஆள் வருகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. பாதி மணி உன் இருமல்தானே. அந்தக் கூத்தில்தான் நாம் இரண்டு பேரும் சிநேகிதம் ஆனோம்.

நோய் நம் ஊருக்கு வரவே இல்லை. பயம் மட்டும் வந்து, பொங்கலுக்குள் அதுவும் போய்விட்டது. வந்த பெண்களுக்கு வெளிக்காற்று பிடித்துப்போனதால் நான் புறவாசலிலேயே தொழிலை வைத்துக்கொண்டேன். கைக்குட்டை போனது, வேப்பிலை போனது. உன் சட்டங்களை ஒவ்வொன்றாக விட்டோம். என் சட்டம் மட்டும் நிலைத்து நின்றது. இனிமேல் இருமலாம் மைனி என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது உண்மை. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீ ராத்திரியில் கூட முந்தானையைக் கடித்துக்கொண்டு படுத்துப் பழகிவிட்டாய்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதைத்தான் எழுதப் பயமாக இருந்தது.

மாசி மாதம் ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரம், நீயே வந்து அந்தக் கதவின்மேல் படுத்தாய். "ஊருக்கெல்லாம் எண்ண போடுத. எனக்கும் போடு, ஓசிதான்" என்றாய். இரவிக்கை தொளதொளவென்று இருந்தது. இடது பக்கத் தோள் எலும்புக்குக் கீழே கை வைத்தபோது நீ மூச்சு இழுத்தாய். காய்ந்த பீடி இலையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கினால் எப்படி இருக்கும், அப்படிக் கரகரவென்று என் கைக்குத் தட்டுப்பட்டது. எனக்கு அது புதுசு இல்லை. பீடி சுற்றுகிற முதுகு எத்தனை பார்த்திருக்கிறேன். கொஞ்சமோ கூடுதலோ எல்லோருக்கும் அது உண்டு. நம் பக்கத்து முதுகே அப்படித்தான் என்று என் கை படித்து வைத்திருந்தது.

"பீடித்தூளுதான் மைனி. எல்லாருக்கும் இருக்கு" என்றேன்.

"எல்லாருக்கும் இருந்தாச் சரிதான்" என்று எழுந்து சுளவுக்குப் போய்விட்டாய்.

ஆடிக்குள் உன் வளையல் முழங்கை வரை ஏறிப்போனது. அண்ணன் பயந்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், நானும் வந்தேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எத்தனை மாசமா இருமல் இருக்கு?" என்று கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டு, "இருமலே கெடையாது சார். முன்னதான் இருமுவா. இப்ப ஒரு வருசமா இருமுததே இல்ல" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. டாக்டர் அந்தப் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னாய்:

"எங்க வீட்டுல ஆடுதான் சார் இருமும்."

டாக்டருக்கு அது புரியவில்லை. அண்ணனுக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த இடத்திலும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாய். ஐந்து மாதம் காசநோய்க்கு மாத்திரை தின்றாய். உள்ளே எதுவும் மிச்சம் இல்லாமல் போயிருந்தது.

உன் பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணன் என்னிடம் ஒரே தடவைதான் பேசினான். "ஒரே பாயில படுத்திருந்தேன் பிள்ள. என் பொண்டாட்டி இருமுதது எனக்குக் கேக்கலியே. நான் என்ன மனுசன்?" அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இந்த வீட்டில் இருக்க முடியாதோ என்று பயந்தேன். எனக்குப் போக வேறு வீடு இல்லை, மைனி. அவன் மூன்று வருசமாகத் தன் காதையே குற்றம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் அதைப் பார்த்துக்கொண்டு எண்ணெய் காய்ச்சுகிறேன்.

இன்று காலை மணி அடித்தவள் மேலப்பாளையத்துப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும், பீடிதான் சுற்றுகிறாள். உன் கதவில்தான் படுக்கவைத்தேன். இடது தோளுக்குக் கீழே என் உள்ளங்கைக்கு அது தட்டுப்பட்டது. அதே கரகரப்பு. கையை எடுத்துவிட்டேன்.

"இருமு" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பூனை மாதிரி இருமினாள்.

"துணிய எடு. சத்தமா இருமு."

"ஆளுக காதுல விழும்க்கா. மாமியா வீட்டுக்குத் தெரிஞ்சா எங்கம்மா வீட்டுக்கே அனுப்பிருவாவ."

"இங்கன சத்தமா இருமலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ" என்றேன். அவள் இருமினாள். முன்வாசல் வரை கேட்டிருக்கும். நாளைக் காலையில் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், வா என்றேன். பார்க்கலாம்க்கா என்று சொல்லிப் போனாள்.

இவ்வளவு எழுதியபோது அண்ணன் வந்துவிட்டான். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு எழுந்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். அவன் பாதி குடிக்கும்வரை நின்றேன். பிறகு அவன் கையைப் பிடித்துப் புறவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த மணியை நானே அடித்தேன். "இது ஆளு வந்த மணி இல்லண்ணே" என்று ஆரம்பித்து, டீச்சரம்மாள், ஆடு, முந்தானை, நான் சொன்ன வார்த்தை, மாசி மாதத்து முதுகு, எல்லாம் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், முடியவில்லை.

அவன் என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. கதவின்மேல் போய் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் அந்தப் பலகையைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். காபி ஆறிப்போனது. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்:

"அந்தப் பிள்ள வீடு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"மொத பஸ்ஸுக்கே போய்க் கூட்டியாந்துருவோம். நானும் வாரேன். டாக்டர் கேட்டாச் சரியாச் சொல்லணும்லா."

என்னை மன்னித்தானா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. உள்ளே போய்ச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறான், காலைக்குக் காய வேண்டுமே என்று.

என் வலது உள்ளங்கையில் நொறுங்கிய இலை மாதிரி உன் முதுகு இன்னும் இருக்கிறது, மைனி. எத்தனை எண்ணெய் தொட்டாலும் அது போகவில்லை. இனி அது போக வேண்டாம். அது இருந்ததால்தான் இன்று காலையில் கையை எடுத்தேன்.

மணி முருங்கையிலேயே இருக்கட்டும். உன் ஆடுகள் இரண்டும் குட்டி போட்டு நாலாகிவிட்டன. அவை ஒருநாளும் இருமியதில்லை.