அந்த வரி யாருடையது

மார்ச் 14, செவ்வாய்
என் ஆய்வுக் கட்டுரை வெளிவந்து ஐந்து நாள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பற்றியது. இணையத்தில் தாய்மார்கள் குழு ஒன்றில் வந்த நாலாயிரம் பதிவுகளைப் படித்து எழுதினேன். பெயர், ஊர் எல்லாம் நீக்கியாயிற்று. இன்று தலைநகர் பிஷ்கேக்கின் செய்தித்தளம் ஒன்று அதிலிருந்த ஒரு வரியையே தலைப்பாக்கியிருக்கிறது: "பிள்ளை அழுகிறது, யாரோ வீட்டுப் பிள்ளை அழுவதுபோல நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்." பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைத் தலைவர் இஷென்பெக் அகாய் எல்லோருக்கும் கேக் வாங்கித் தந்தார்.

மார்ச் 16
பலிக்சியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். பெயர் சைகால். அக்கா என்று முறைவைத்துத்தான் பேசினாள்: "எஜே, அந்த வரி என்னுது." அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவள் நாத்தனார் அந்த வரியை அப்படியே தேடுபொறியில் தட்டியிருக்கிறாள். சைகாலின் பக்கம் புகைப்படத்தோடு வந்து நின்றிருக்கிறது. இவள் உடனே பதிவை அழித்துவிட்டாள். அதற்குள் மாமியார் காதுக்குப் போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையைக் காரகோலில் மாமியார் வீட்டில் வைத்துக்கொண்டு இவளைப் பலிக்சியில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவன் மாஸ்கோவில்.

"குழந்தையை நீ எப்பவாவது—" கேட்டு முடிக்க வாய் வரவில்லை.

"ஒரு அடி அடிச்சதில்ல எஜே. எந்த டாக்டர்கிட்ட போகலாம்னு கேட்கத்தான் அதை எழுதினேன்."

பெயரை நீக்கினேனே, வரியை ஏன் மாற்றவில்லை? நன்றாக இருந்தது என்றுதான். வேறென்ன?

மார்ச் 17
"திறந்த குழு. யாரு வேணா படிக்கலாம். சந்தையில நின்னு கத்திட்டு, ஏன் கேட்டீங்கன்னு சொன்னா எப்படி?" என்றார் அகாய்.

"அவ சந்தையில கத்தல அகாய். தன்னை மாதிரி பொம்பளைங்ககிட்ட சொன்னா."

"விதிப்படி ஒரு தப்பும் இல்ல, பெரிசாத். பேசாம இரு."

மார்ச் 18
சைகால் மறுபடி. "அதை நீங்களே எழுதினதா சொல்லிடுங்க எஜே. பதிவு இப்ப இல்ல. நாத்தனார் வாய்ப்பேச்சு மட்டும்தான்."

சொன்னால், ஆய்வில் பொய் சேர்த்தவள் நான். பன்னிரண்டு வருட உழைப்பு. சொல்லாவிட்டால்—

மார்ச் 20
காரகோல் போனேன். ஆறு மணி நேர வேன் பயணம் முழுக்க ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன்.

மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்தபடி கதவைத் திறந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அபா, அந்த வரி உங்க மருமக எழுதினதில்ல. நானே எழுதினது."

"படிச்ச பொம்பளைக்கு வேற வேலை இல்லையா? அடுத்தவ வாயில வார்த்தையைத் திணிக்கிறே?"

"தப்புதான்."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் மூணு பெத்தவதான். எழுதிக் குடு, கையெழுத்தோட. என் மக வாயை நான் அடைக்கிறேன்" என்றார்.

கதவில் வைத்தே எழுதினேன். அவர்தான் காகிதத்தை நகராமல் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 21
நூருஸ், வசந்தப் புத்தாண்டு. தெருவெல்லாம் பாட்டு. குழந்தை சைகாலிடம் வந்துவிட்டதாம்.

ஏப்ரல் 11
நாத்தனார் அந்தக் கடிதத்தைப் படமெடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டாள். இன்று விசாரணை.

"மூலப் பதிவு எங்கே?"

"இல்லை."

என்னிடமிருந்த நாலாயிரம் பிரதிகளையும் காலையில்தான் அழித்தேன். மற்ற பெண்களிடம் மட்டும் கேட்டுவிட்டா எடுத்தேன்?

அகாய்க்கு உண்மை தெரியும். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "அவ பேரைச் சொல்லும்மா, உன்னைக் காப்பாத்திடறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 28
வேலை போயிற்று. கட்டுரையும்.

மே 19
சைகால் அழைத்தாள். டாக்டரிடம் போகிறாளாம், மாமியார்தான் கூட்டிப்போகிறாராம். பிறகு ஒரு மணி நேரம் பேசினாள். இடையில் நிறுத்தி, "எஜே, இதையெல்லாம் எங்கேயும் எழுதிட மாட்டீங்களே?" என்றாள்.

மாட்டேன் என்றேன். இங்கும் எழுதவில்லை.