ஈயத்தில் ஒரு பாதம்

அக்கா,

இன்று உன் அப்பாவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பழைய சேலைத் துண்டுக்குள் கறுப்பனின் ஈயப் பாதம். கூடவே நான்கு வரி. காய்ச்சலில் நீ போய்விட்டாயாம். நாய் எங்களிடம் இருப்பதால் இதுவும் எங்களிடமே இருக்கட்டுமாம். உன்னிடம் மறைத்ததை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் ஆள் குறைத்து, உங்கள் குடும்பத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப் பெயர் எழுதிய வாரம் அது. நாயைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று எங்களை வேலை வாங்கும் கங்காணி சொல்லிவிட்டார். அன்று பார்த்து நான் புத்தகத்தில் மூழ்கி, ரசம் வைக்கும் ஈயச்சொம்பைத் தண்ணீர்கூட ஊற்றாமல் அடுப்பில் ஏற்றிவிட்டேன். சொம்பு உருகிச் சாம்பலில் ஓடியது.

“படிச்சுக் கிழிச்சது போதும்டி!” என்று அம்மா அகப்பையோடு துரத்தினார். பக்கத்து வீட்டிலிருந்து நீ ஓடி வந்தாய்.

“அடிக்காதீங்க அத்தை. அந்த ஈயத்த எனக்குக் குடுங்க. இவ படிப்பால எனக்காச்சும் ஒரு நன்மை.”

கிணற்றடிக் களிமண்ணைத் தேங்காய்ச் சிரட்டையில் அடைத்துக் கறுப்பனின் முன்னங்காலைப் பதித்தோம். அவன் உதறி உதறிக் கெடுத்தான். “மருதாணி வைக்கிறோம்னு நெனச்சுக்கடா, ஆடாத!” என்று அவனைத் திட்டினாய். ஈரமிருந்தால் ஈயம் தெறிக்கும் என்று இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். பிறகு ஊற்றினோம். ஆறியதும் மண்ணை உடைத்தால், நான்கு விரலும் அப்படியே இருந்தன. நீ அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாய்.

கறுப்பனை எங்கள் வீட்டில் கட்டிவிட்டு லாரியில் ஏறும்போது, “ரெண்டு மாசத்துக்கு அவுத்து விடாத புள்ள. எங்களத் தேடிக்கிட்டுப் போவான்” என்றாய்.

பதினொரு நாள்தான் என்னால் அந்த ஊளையைக் கேட்க முடிந்தது. மறுநாள் பள்ளிக்குப் போகுமுன் அவிழ்த்துவிட்டேன். அவன் உங்கள் காலி வீட்டு வாசலில் போய்ப் படுத்திருக்கிறான். அன்றுதான் தெருநாய்களைச் சுட ஆட்கள் வந்தார்கள். “யாரு வீட்டு நாயின்னு கேட்டாங்களாம். அந்த வீட்டுலதான் ஆளே இல்லையே” என்றார் அம்மா.

உன் முதல் கடிதம், யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியது, அவனைத்தான் விசாரித்தது. ‘நலம்’ என்று எழுதினேன். என் அடுத்த கடிதத்தில் அவன் உடும்பைத் துரத்தினான். அதற்கடுத்ததில் வாத்தியாரின் செருப்பைத் தூக்கி வந்தான். அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிச் சிரித்தாயாம். அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவேன்? மூன்று வருடம் அவனை வளர்த்தேன், அக்கா, தாளில்.

உன் அப்பாவுக்குப் பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். உண்மைக்கும் கை எழவில்லை, பொய்க்கும் எழவில்லை.

நேற்று மழையில் பள்ளியிலிருந்து வரும்போதுகூட உனக்காக அவன் கதை ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். கறுப்பன் கங்காணியின் குடைக்குள் புகுந்துகொள்கிறான். அவர் விரட்டுகிறார். அவன் நகரவில்லை. கடைசியில் அவர்தான் நனைந்துகொண்டு போகிறார்.