எண்பது என்று மட்டும் எழுதிய இயந்திரம்

அனுப்புநர்:
குழந்தையின் தாய்மாமன்,
கூரியர் பணியாளர்,
மருத்துவமனைக்கு எதிர்ச்சந்து, மாடி அறை.

பெறுநர்:
உயர்திரு சுகாதாரப் பணிகள் இயக்குநர் அவர்கள்.

பொருள்: பச்சிளம் குழந்தைகள் பிரிவில் கேஜ் (அழுத்தமானி) மாற்றப்பட்ட சளி உறிஞ்சும் இயந்திரத்தை இன்றே அப்புறப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கைக்குப் பிறந்த குழந்தைக்கு மூச்சுக்குழாயில் சளி அடைத்திருந்தது. குழாய் விட்டு எடுத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நான் நின்றிருந்தேன். வெள்ளைக் குழாய் முழுக்கச் சிவந்தது. குழந்தை இப்போது செயற்கைச் சுவாசத்தில் கிடக்கிறான்.

2. அந்த இயந்திரம் அன்று காலைதான் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பியிருக்கிறது. உறிஞ்சும் அழுத்தத்தைப் பழைய கேஜ் மில்லிமீட்டர் பாதரசத்தில் காட்டும். அதை எடுத்துவிட்டு, கிலோபாஸ்கலில் காட்டும் கேஜை மாட்டிவிட்டார்கள். ஒரு கிலோபாஸ்கல் என்பது ஏழரை மில்லிமீட்டர் பாதரசம். எனக்கும் இது தெரியாது. கைப்பேசியில் தேடித் தெரிந்துகொண்டேன். இயந்திரத்தின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை. 'பெரியவர் 150, குழந்தை 80' என்று இருக்கிறது. எதில் எண்பது என்று இல்லை. பணி மாறும்போது செவிலியர்கள் சொல்லிக்கொள்வதும் அப்படித்தான்: "எண்பதுல வச்சிருக்கேன்டி, பாத்துக்க." அன்றுதான் வேறு வார்டிலிருந்து வந்த செவிலியர், சீட்டைப் பார்த்து எண்பதில் வைத்தார். பிஞ்சுத் தொண்டையை இழுத்தது பழைய கணக்கில் அறுநூறு. புதிய கேஜில் வைத்திருக்க வேண்டியது பத்தரை.

3. ஐயா, புதிய கேஜ் நூறோடு முடிகிறது. பெரியவருக்கான 150 அதில் இல்லவே இல்லை. பெரியவருக்கு வைக்கப் போயிருந்தால், எண்ணைக் காணாமல் யாராவது விழித்துக்கொண்டிருப்பார்கள். எண்பது மட்டும் இரண்டு கேஜிலும் இருக்கிறது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

4. விசாரணை நடந்தது. 'செவிலியரின் கவனக்குறைவு' என்று முடித்து அவரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். கேஜை மாற்றியவரையும், சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டு வாங்கியவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டதற்கு மருத்துவமனை அலுவலக மேலாளர் சொன்ன பதில்: "தம்பி, எண்பதுன்னா எண்பதுதான். பார்சல் குடுக்குற உனக்கு இந்தக் கணக்கெல்லாம் எதுக்குப்பா?" எடை என்ற இடத்தில் வெறும் 'இரண்டு' என்று எழுதிய பார்சலை எங்கள் கவுண்டரில் வாங்கவே மாட்டார்கள், ஐயா. கிராமா, கிலோவா என்று கேட்பார்கள்.

5. இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். நேற்று கண்ணாடி வழியே பார்த்தபோது, அதே இயந்திரம், அதே சீட்டோடு, வேறொரு குழந்தையின் தொட்டிலருகே நிற்கிறது. என் கண்ணையே நான் நம்பவில்லை. 'புதிய கேஜில் குழந்தைக்கு 10.5 மட்டும்' என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வார்டுக் கண்ணாடியில் ஒட்டினேன். அனுமதியின்றி அறிவிப்பு ஒட்டியதாகக் காவலாளியை விட்டுக் கிழித்தார்கள். கிழிந்த தாளை இத்துடன் இணைத்துள்ளேன்.

6. எனவே, அந்த இயந்திரத்தை இன்றே வெளியேற்றவும், பழுதுபார்த்து வந்த மற்ற இயந்திரங்களைச் சோதித்து, அலகோடு புதிய சீட்டு ஒட்டவும், செவிலியரின் தலையில் கட்டிய பழியை மறுவிசாரணை செய்யவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உத்தரவு வரும்வரை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வார்டு வாசலில் நிற்கிறேன். உள்ளே போகும் ஒவ்வொரு செவிலியரிடமும் சொல்கிறேன்: "அக்கா, எண்பது இல்ல, பத்தரை." சிலர் சிரிக்கிறார்கள். சிலர் நின்று கேட்கிறார்கள். நான் தூங்கிப்போவதற்குள் ஏதாவது செய்யுங்கள், ஐயா.

இடம்: பச்சிளம் குழந்தைகள் பிரிவு வாசல்
நாள்: மார்ச் 9

இப்படிக்கு,
(கையொப்பம்)
குழந்தையின் தாய்மாமன்