ஒற்றைக் கொட்டை

பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

முழங்கால் தவிர மற்றதெல்லாம் என் பேச்சைக் கேட்கிறது. மகன் வீடு என்று பேர்தான். பேத்திதான் என்னைக் கட்டி மேய்க்கிறாள். செடிகொடிப் படிப்பில் அவள்தான் முதல், தெரியுமோ?

நம் கொல்லை வேலியோரக் காரைச் செடியைப் பற்றிச் சொன்னேன். துளிர், பூ, பழம் மூன்றும் பார்த்தால்தான் எந்த வகைக் காரை என்று உறுதியாகுமாம். அதை வைத்துக் கட்டுரை எழுதப்போகிறாள். அஞ்சாங்கிளாஸ்காரி நான் அவளுக்கே பாடம் எடுத்தேன்: இலையும் முள்ளும் ஜோடி ஜோடியாக நிற்கும், பழத்துக்குள் இரண்டு கொட்டை. பருவத்துக்கு ஒரு கிளை ஒடித்து அனுப்பு.

அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

துளிர்க் கிளை இதோடு வைத்திருக்கிறேன். பேத்தி கையில் குத்துமே என்று முள்ளை ஒடித்துவிட்டேன். வழியில் இலை உதிர்ந்தால் என்னைத் திட்டாதே. செடி ஆள் உயரம் நிற்கிறது.

தங்கச்சி

ஜூன் 5

தங்கச்சிக்கு,

இலை உதிர்ந்துதான் வந்தது. இப்போது பூவும் நைந்து வந்திருக்கிறது. இலையில் மூன்று நரம்பு ஓடுகிறதே என்று பேத்திக்குச் சந்தேகம். “நீங்க சொன்ன செடிதானா பாட்டி?” என்று இரண்டு தடவை கேட்டாள். “என் தங்கச்சி கையால ஒடிச்சதுடி, வாயை மூடு” என்றேன். இலை, பூ வரைக்கும் எழுதி வாத்தியாரிடம் கொடுத்துவிட்டாள். பழம்தான் பாக்கி.

அக்கா

அக்டோபர் 14

தங்கச்சிக்கு,

உனக்குக் காய்ச்சல் என்று உன் மருமகளே பழக் கிளையைக் கட்டி அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு முள்ளை ஒடிக்கத் தெரியவில்லை. கொக்கி மாதிரி ஒற்றை முள். இலை மாறி மாறி நிற்கிறது. பழத்தை நானே உடைத்தேன். ஒற்றைக் கொட்டை. இது காரை இல்லை, ரோட்டோரச் சூரை.

நம் செடி எங்கே?

அக்கா

அக்டோபர் 25

அக்கா,

நீ மகன் வீட்டுக்குப் போன மறுவாரமே என் பெரியவன் அங்கே வண்டி நிறுத்தக் கொட்டகை போட்டான். வேரோடு பிடுங்கியாச்சு. உன் மனசு தாங்காதே என்றுதான் சொல்லவில்லை. ஒரு முள்செடிக்கு இத்தனை கோபமா?

தங்கச்சி

நவம்பர் 3

செடிக்கு இல்லை. ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன்.

பேத்தி வாத்தியார் முன்னால் போய் நின்று கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கிளை அனுப்பியது யாரென்று கேட்டாராம். “நான்தான் சரியா பாக்கல” என்றாளாம். என்னையும் சொல்லவில்லை, உன்னையும் சொல்லவில்லை. அந்த மூன்று நரம்பு என் கண்ணுக்கும் தெரிந்தது. கண்ணை விட்டுவிட்டு உன்னை நம்பினேன்.

இனி எழுதாதே.

நேற்று தெருமுனையில் ஒரு செடியைக் காட்டி, “இது என்ன பாட்டி?” என்றாள். என்னைத் தேற்றத்தான். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த செடி. தெரியாது என்றேன்.