பள்ளிக்கூடத்துக்கு எதிரே உன் பார்

இன்று மாலை மாடிவீட்டில் யாரோ வறுத்த கடலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்திருக்கிறார்கள். உன் பாரில் தட்டில் வைக்கும் அதே வாசனை படியிறங்கி வந்தது. உன்னோடு கொஞ்சம் பேசவேண்டும் போலிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உன் கணவர் நடத்திய சின்ன பார், அவர் காலமானபின் லைசென்ஸோடு உன் பெயருக்கு வந்தது. கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த நான் மதியம் உன் சமையலறையில்தான் சாப்பிடுவேன். தூத்துக்குடிப் பேச்சு இருவருக்கும் அங்கேதான் மிச்சமிருந்தது.

அப்போதுதான் புது விதி வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அருகில் இனி மதுக்கடைக்கு அனுமதி இல்லை. பழைய லைசென்ஸ்காரர்கள் தொடரலாம். ஆனால் புதுப்பிக்கும்போது அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தால் விசாரணை நடக்கும். உனக்கு எதிரே பெண்கள் பள்ளி. அதன் தலைமையாசிரியை, எல்லாருக்கும் தீதிமணி, அதாவது டீச்சரம்மா, முதல் ஆளாக ஆட்சேபித்துவிட்டார்.

"உன் பார் வந்து எத்தனையோ வருஷம் கழிச்சுத்தான அந்த ஸ்கூலே வந்துச்சு. அதைச் சொல்லு, செயிச்சிரலாம்," என்றேன்.

"செயிக்கலாம்ட்டி. மத்தியானம் குடிச்சிட்டு நிக்கிறவனுவ ஸ்கூல் கேட்டுப் பக்கம் கத்துறானுவ. அதுக்கு அந்தப் பிள்ளைய எல்லாம் பயந்து அழணுமா? வா, தீதிமணியப் பாப்போம். நீ பெங்காலி பேசு."

தீதிமணி நம்மை உட்காரச் சொல்லவில்லை. நான் பணிவாக ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவும் நீ விடவில்லை. என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, "இஸ்கூல் பந்தோ, தார்பொர் போத்தல் கோலா!" என்றாய். பள்ளி மூடியபிறகுதான் பாட்டில் திறக்கும் என்று சொல்ல நினைத்தாய்; வந்து விழுந்ததோ, 'பள்ளியை மூடு, பிறகு பாட்டிலைத் திற' என்பதுபோல. தீதிமணி உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியைக் காட்டினார்.

விசாரணைக்கு அவரே வந்தார். அந்த நேரக்கட்டுப்பாட்டை லைசென்ஸில் எழுதினால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அதிகாரி அப்படியே எழுதிப் புதுப்பித்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் நீ டிராம் சத்தத்தையும் மீறிப் பெருமூச்சு விட்டாய். சமையல்காரரும் பரிமாறும் இருவரும் வேலையிழக்காமல் தப்பினார்கள்.

ஆனால் மதிய மேசைகள் காலியாகக் கிடந்தன. நீ பாட்டில் அலமாரிக்குத் திரை போட்டு, மீன்குழம்பும் ரசமும் வைத்துச் சாப்பாடு போட ஆரம்பித்தாய். முதலில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "பார்ல எவன்ட்டி சோறு திம்பான்?" என்று நீயே அலுத்துக்கொண்டாய். மெல்ல மெல்லத் துறைமுக குமாஸ்தாக்கள் வந்தார்கள். ஒருநாள் பார் கதவு திறந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் தீதிமணி. திரையை ஒருமுறை பார்த்தார், உட்கார்ந்தார்.

"ரொசோம் ஆச்சே?"

ரசம் இருக்கிறதா என்று கேட்கிறார். நம் ரசத்துக்கு அப்படியொரு பெயர் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. நீ உள்ளே ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். கடைசிவரை உனக்குக் கைகொடுத்தது அந்தச் சாப்பாட்டுக் கடைதான்.

பின்னாளில் என் பதவி உயர்வை எதிர்த்து ஒருவர் புகார் கொடுத்தார். நான் அவர் மேசைக்கு நேராகப் போய், "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். என்ன பேசப்போகிறேன் என்று தெரியாமலே எழுந்து போகிற அந்தத் தைரியம் நீ கொடுத்தது; இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.